முதலில் சுவர், பிறகு தரை, கடைசியில்தான் ஹொட் டப்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். கொஞ்ச காலமாக ஒரே மாதிரியான திட்டத்தோடு ஆட்கள் வருகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் இன்டர்லாக் கல் பதித்து, ஒரு ஓரமாகக் கூரை இறக்கி, நாலு கதிரை போட்டு, நடுவில் ஒரு ஹொட் டப், அதாவது உள்ளே உட்காருகிற வெந்நீர்த் தொட்டி, வைக்க வேண்டும். போனில் படமும் காட்டுவார்கள். சிலர் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், சிலருடைய பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார்கள். யார் வந்தாலும் முதல் கேள்வி தொட்டி என்ன விலைக்கு வரும் என்பதுதான். அந்த விலையைக் கையில் இருக்கிற காசில் கழித்துவிட்டு, மிஞ்சுவதை மற்ற வேலைக்கு ஒதுக்குகிறார்கள். நம் மலையில் இப்படிக் கணக்குப் போட்டால் வீட்டுக்கே ஆபத்து. முதல் காசு அணைச்சுவருக்கும் வடிகாலுக்கும் போக வேண்டும், அப்புறம் தரைக்கு, அப்புறம் கரண்ட் வேலைக்கு. இவ்வளவும் முடிந்து கையில் மிச்சம் இருந்தால் தொட்டி. அதையும் கடன் வாங்கி வாங்கவே கூடாது. என் கருத்து இதுதான், ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. பீலி என்றால் தோட்டத்து லயங்களில் எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய். "பீலித் தண்ணிக்கு வரிசையில நின்னவங்களுக்கு இப்ப ஹொட் டப் கேட்குதா?" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நம் ஆட்களிலேயே இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. தோட்டத் துரை பங்களாவில் விறகுக் கொதிகலன் இருந்தது, குளியல் தொட்டி இருந்தது, அதற்கு விறகு சுமந்தது நம் ஆட்கள். அம்மா விடியக்காலையில் பீலியில் ஐஸ் மாதிரித் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போனவர். அத்தனை வருடம் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்த முழங்கால் இப்போது குளிர் வந்தால் மடங்காது. வெந்நீரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நோவு குறைகிறது. அவருக்கு அப்படி ஒரு தொட்டி கட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? ஆசைப்படுங்கள், நன்றாகவே ஆசைப்படுங்கள். நான் கேட்பதெல்லாம் காசை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதைப் பற்றி மட்டும்தான்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை இறங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை என்று எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்பதையும் பார்த்தோம். நம்மில் முக்கால்வாசிப் பேருடைய வீட்டுக்குப் பின்னால் சமதரை கிடையாது, வெட்டிய மண்மேடுதான் இருக்கிறது. அங்கே கல் பதிக்க இடம் வேண்டும் என்றால் மேட்டை இன்னும் உள்ளே வெட்ட வேண்டும், அல்லது முன்பக்கம் மண் கொட்டி நிரப்ப வேண்டும். இரண்டுமே விளையாட்டான வேலை கிடையாது. மலையக மாவட்டங்களில் கட்டிட அனுமதிக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கேட்கிறார்கள் என்றால் காரணத்தோடுதான் கேட்கிறார்கள். பின்பக்க வேலைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விடாதீர்கள். மேட்டில் கை வைக்கும் முன் பிரதேச சபையில் போய்க் கேளுங்கள். அந்தக் கட்டணத்தையும் பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதுங்கள்.

நோர்வூட் பக்கம் ஒரு வீட்டுக்கு அளவெடுக்க மேசன் பாஸோடு போயிருந்தேன். குசினிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேலே மேடு, அதற்கு முன்னால் ஆறு அங்குல பிளொக் கல்லில் ஒரு சுவர். சுவரில் தண்ணீர் வெளியே வர ஒரு ஓட்டை கூட இல்லை. நெஞ்சு உயரம் வரை ஈரம் ஏறிப் பாசி பிடித்திருந்தது. அடியில் நூல் மாதிரிச் சிவப்புச் சேறு கசிந்துகொண்டிருந்தது. நடுவில் சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியிருந்தது, வெடிப்புக்குள் பாஸ் ஒரு ரூபாக் குற்றியை நுழைத்துக் காட்டினார். புதிதாகப் பதித்த கல் ஒரு ஓரத்தில் தாழ்ந்து, மழைத் தண்ணீர் குசினி வாசலைப் பார்த்து நின்றது. அந்த வீட்டுக்காரர் தொட்டிக்கு முற்பணம் கட்டிவிட்டார். "சுவருக்குப் பின்னால தண்ணி நின்னா சுவர் நிக்காது தம்பி, இதை உடைச்சுத்தான் கட்டணும்" என்று பாஸ் சொன்னதும் அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

கருங்கல் அணைச்சுவர் என்றால் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. ஆறடி உயரம் என்றால் அடியில் மூன்றடிக்கு மேல். சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் ஓர் அடிக்கு உடைத்த கல் நிரப்ப வேண்டும், சுவரில் இடைவெளி விட்டுக் குழாய்த் துண்டுகளை வெளிப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும், மேட்டின் தலையில் ஒரு கான் வெட்டி மழைத் தண்ணீரைச் சுவருக்கு வராமலே திருப்பிவிட வேண்டும். உயரம் இதற்கு மேல் போனால் பாஸை நம்பி மட்டும் கட்டாமல் ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இதெல்லாம் படத்தில் தெரியாத செலவு. விருந்தாளி வந்து சுவருக்குப் பின்னால் கல் நிரப்பியிருக்கிறதா என்று பார்க்கப் போவதில்லை. ஆனால் செலவில் பாதி அங்கேதான் போகும், போகட்டும்.

தரைக்கு வருவோம். கல் பதிப்பது பெரிய வித்தை இல்லை, அடித்தளம்தான் வேலை. நன்றாக இடித்து இறுக்கிய சரளை, அதற்கு மேல் மணல், வீட்டில் இருந்து வெளியே பார்த்து அடிக்குக் கால் அங்குலம் சாய்வு. தொட்டி வைக்கிற இடம் மட்டும் தனிக் கதை. நாலு பேர் உட்காருகிற தொட்டியில் 1000 லீட்டர் தண்ணீர் பிடிக்கும், அதுவே ஒரு தொன். ஆட்களையும் தொட்டியின் எடையையும் சேர்த்தால் ஒன்றரைத் தொன். அவ்வளவும் இன்டர்லாக் கல்லில் உட்காராது, கம்பி போட்ட கொங்கிரீட் தட்டு வேண்டும். அதுவும் வெட்டிய பக்கத்துக் கெட்டி மண்ணில்தான் இருக்க வேண்டும், கொட்டி நிரப்பிய ஓரத்தில் வைக்கவே கூடாது. காட்சி நன்றாகத் தெரிகிறது என்று எல்லோரும் ஓரத்தைத்தான் கேட்கிறார்கள்! தண்ணீர் மாற்றும்போது அந்த 1000 லீட்டரும் எங்கே போகும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள், கீழ் வீட்டுக்காரருடைய மேட்டில் திறந்துவிட முடியாது.

வேலையை எப்போது செய்வது என்பதும் காசு சம்பந்தப்பட்ட விஷயம்தான். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் டிப்பர் ஏறாது, மணல் கரையும், ஆட்கள் பாதி நாள் சும்மா நிற்பார்கள். நமக்கு ஜனவரியில் இருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். பதுளை, பண்டாரவளைக்காரர்களுக்கு அது வேறு, வருடக் கடைசி வடகிழக்கு மழை முடிந்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

தொட்டி விலையைப் பொறுத்தவரை, இறக்குமதிச் சாமான் டொலரோடு கட்டிப்போட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் முந்நூற்றறுபதுக்குப் போனது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாவுக்குக் கிட்ட விற்ற சீமெந்து மூட்டை அடுத்த வருடம் மூவாயிரத்தைத் தாண்டியதை நானே பில் எழுதினேன். ஆகவே எந்த விலைப்பட்டியலை வாங்கினாலும் எத்தனை நாளைக்குச் செல்லும், 18 வீத வற் வரி உள்ளேயா வெளியேயா, கொழும்பில் இருந்து ஏற்றிக் கொண்டுவருவது யார் செலவு, கெட்டுப்போனால் ஹட்டனுக்கு ஆள் வருவாரா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் கரண்ட். இதைத்தான் யாரும் கேட்பதே இல்லை. 18 பாகையில் இருக்கிற 1000 லீட்டர் தண்ணீரை 38 பாகைக்குக் கொண்டுவர 23 அலகு கரண்ட் வேண்டும், வெளியே போகிற சூட்டைச் சேர்க்காமல். 3 கிலோவொட் ஹீட்டர் என்றால் எட்டு மணித்தியாலம் ஓட வேண்டும். தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்க நினைத்தால், தடித்த மூடி போட்டாலும் நாளுக்கு 5 அலகு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதம் 150 அலகு. 90 அலகில் நிற்கிற வீடு 240க்குப் போகும். வீட்டுப் பாவனையில் 180ஐத் தாண்டினால் கட்டணம் ஆக மேல் படிக்கு ஏறிவிடும். நம் வீடுகளில் பெரும்பாலும் 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. பெரிய ஹீட்டரும் குளியலறைக் கீசரும் கேத்தலும் ஒன்றாக ஓடினால் தாங்காது. தனி வயர், நல்ல எர்த், தொட்டிக்கென்று ஒரு ட்ரிப் சுவிட்ச், இதில் ஒன்றைக் கூடக் குறைக்க முடியாது. ஈரக் காலோடு நிற்கிற இடம் அது.

இனிக் கடன் விஷயம். பதினைந்து இலட்சம் வேண்டும் என்று வையுங்கள். வங்கியில் குறைந்து செல்லும் மிகுதிக்கு 14 வீதம் வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் 34,900 ரூபா வரும். கடைசியில் கட்டி முடிப்பது கிட்டத்தட்ட 20,94,000. அதாவது ஆறு இலட்சம் வட்டிக்கே போகிறது. இன்னொரு இடத்தில் "பத்து வீதம்தான்" என்பார்கள், எழுதித் தரும்போது பார்த்தால் முழுத் தொகைக்கும் ஐந்து வருடத்துக்கும் தட்டையாகப் போட்ட வட்டி. மாதம் 37,500. பத்து என்று சொன்னது 14ஐ விடக் கூடுதல், உண்மையில் 17ஐத் தாண்டுகிறது. படித்த பிள்ளைகள் கூட இதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். வீதத்தைக் கேட்காதீர்கள், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

அணைச்சுவருக்குக் கடன் வாங்கினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது வீட்டைக் காப்பாற்றுகிற சாமான். தொட்டிக்கு நகையை அடகு வைக்க வேண்டாம். ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதத்தை வீட்டுக்கென்று எடுக்க வழி இருக்கிறதே என்று ஒரு அண்ணன் கேட்டார், அறுபது வயதுக்குப் பிறகு சாப்பிட வேண்டிய காசு அண்ணன் அது என்றேன். மாதச் சீட்டு நல்லது, தெரிந்தவர்கள் நடத்தினால். கழிவு கொடுத்து முதலில் எடுக்காமல் கடைசி வரை பொறுத்து எடுத்தால் அது சேமிப்பு.

ஹோம்ஸ்டேக்காரர்கள் தொட்டி தானே உழைத்துக் கடனைக் கட்டும் என்கிறார்கள். நல்ல மாதங்களில் கட்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு என்ன நடந்தது, 2020 கொரோனாவில் என்ன நடந்தது, 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது எத்தனை பேர் அறை பதிவு செய்தார்கள்? டித்வாவுக்குப் பிறகு எத்தனை பேர் பதிவை ரத்துச் செய்தார்கள்? ஆள் வராத மாதத்திலும் தவணை வரும். நம் பக்கம் வருமானத்தை நம்பிக் கடன் எடுக்கிறவர்கள், ஆறு மாதத் தவணையைத் தனியாக வங்கியில் போட்டு வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டு விஷயத்தையும் சொல்கிறேன். அக்காவும் மச்சானும் டொரோண்டோவில். தொட்டிக்குக் காசு தருகிறோம் என்றார்கள். "மாப்பிள்ளை, இங்க கொங்கிரீட்டுல வச்சுப் பிளக்கைக் குத்தினா முடிஞ்சுது. அங்க ஏன் இவ்வளவு செலவு?" என்று மச்சான் கேட்டார். "உங்க வீட்டுக்குப் பின்னால வேலி இருக்கு மச்சான், எங்க வீட்டுக்குப் பின்னால மலை இருக்கு" என்றேன். விளங்கிக்கொண்டார். தொட்டிக்கென்று வைத்த காசு சுவருக்குப் போனது. கரண்ட் பில்லை மாதாமாதம் கட்டப் போவது நான் என்பதால் இறக்குமதித் தொட்டியையே விட்டுவிட்டோம். நாலடிக்கு நாலடி, இரண்டடித் தண்ணீர், 900 லீட்டர், சீமெந்தில் கட்டி டைல் ஒட்டப் போகிறோம், சூடாக்க வெளியே ஒரு விறகு அடுப்பு. நன்றாகக் காய்ந்த விறகு பத்துப் பதினைந்து கிலோ போதும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற காலத்தில் வெட்டிய குச்சி, அதாவது மிலாறு கிடைக்கும், மற்ற நேரம் டர்பன்டைன் மர விறகு.

சுவர் முடிந்தது, ஒரு பெரிய மழையும் பார்த்துவிட்டது, குழாய்களில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. அடுத்த வெயில் காலத்தில் தரை. தொட்டி அதற்கு அடுத்த வருடம், அந்தக் காசு நிலையான வைப்பில் இருக்கிறது. அம்மாவுக்குப் பிரஷர் குளிசை இருப்பதால் டொக்டரிடம் கேட்டோம், சூடு 38க்கு மேலே வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், தனியாக இறங்கவே வேண்டாம் என்றார். அதனால் மூன்று படியும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் வைக்கிறோம். அந்தக் கைப்பிடிக் குழாயின் விலையைத் தரைக் கணக்கில் சேர்த்துவிட்டேன். தொட்டி தள்ளிப்போனாலும் அம்மா பின்வாசல் படியில் தினமும் இறங்கத்தானே போகிறார்.