விஹோஸ்ட்டைப் பூஜ்யமாக்கினால் சர்வர் காலியாகிவிடாது

ஒருவர், டவ்காட் மெயில் சர்வர் மென்பொருளின் டைரக்டரில் (ஒவ்வொரு பயனரையும் ஒரே சர்வருக்கு அனுப்பிவைக்கும் பகுதி) ‘டவ்அட்ம் டைரக்டர் ஆட்’ கட்டளையால் ஒரு சர்வரின் விஹோஸ்ட் எண்ணை (புதிய பயனர்களில் எவ்வளவு பங்கு அதற்குப் போகும் என்பதைக் குறிக்கும் எண்) 0 ஆக்கினால் அதிலுள்ள பயனர்கள் உடனே மற்ற சர்வர்களுக்குப் போய்விடுவார்கள், உடனே மெஷினை அணைக்கலாம் என்கிறார். பாதிதான் சரி. வழக்கமான 100-ஐ 0 ஆக்கினால் புதிய பயனர்களை அங்கே ஒதுக்குவது நிற்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே இருப்பவர்கள் அங்கேயே இருப்பார்கள். கடைசி இணைப்பு மூடி, டைரக்டர்_யூசர்_எக்ஸ்பயர் நேரம் (இயல்பாக 15 நிமிடம்) கடந்த பிறகுதான் டைரக்டர் அவர்களை மறக்கும். மொபைல்களோ ஐமேப் ஐடிலில் (புது மெயிலுக்காக இணைப்பைத் திறந்தே வைத்துக் காத்திருக்கும் முறை) மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது அணைத்தால் அத்தனை இணைப்பும் பட்டென்று அறும்.

எனவே ‘டைரக்டர் ஸ்டேட்டஸ்’ போட்டு யூசர்ஸ் நெடுவரிசை 0 ஆகும்வரை பாருங்கள். ஓரிருவர் மட்டும் நகராவிட்டால் ‘மூவ்’ கட்டளையால் அவர்களை வேறு சர்வருக்கு மாற்றினால் போதும். எல்லா ஒதுக்கீட்டையும் அழிக்கும் ‘ஃப்ளஷ் ஆல்’ போடச் சிலர் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம்: ஒரே பயனர் ஒரே நேரத்தில் இரண்டு சர்வரில் இருக்க நேரலாம். என்எஃப்எஸ்ஸில் (பல சர்வர்கள் பகிரும் சேமிப்பு) மெயில் இன்டெக்ஸ் கெடுவது அப்படித்தான். அதைத் தடுக்கத்தானே டைரக்டரே வந்தது!

எந்தப் பயனர் எந்த சர்வரில் என்று காட்டும் ‘மேப்’ கட்டளையில் சில பெயர்கள் ‘அன்னோன்’ என்று வந்தால் பதறாதீர்கள், டைரக்டர் வைத்திருப்பது பெயரின் ஹாஷை (பெயரிலிருந்து கணக்கிட்ட எண்) மட்டுமே. புதிதாக அமைப்பவர்கள் கவனிக்க: டவ்காட் 2.4-இல் டைரக்டரே கிடையாது.