அந்த 3-ஐ வெளியே எழுதித் தொலைத்தால் என்ன?

சைன்³ 5எக்ஸ். வகையிட வேண்டும், அதாவது அதன் வளைகோட்டுக்கு ஒவ்வொரு இடத்திலும் சாய்வு எவ்வளவு என்று காண வேண்டும். அக்கா மகள் 15 காஸ்² 5எக்ஸ் என்று போட்டிருக்கிறாள். அதன்மேல் சிவப்பு மையில் குறுக்குக்கோடு, பக்கத்தில் ‘சங்கிலி விதி!’. வேறு ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஆச்சரியக்குறியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்றுக்குள் ஒன்று இருந்தால், வெளியிலிருந்து ஒவ்வொன்றாக வகையிட்டுப் பெருக்கு என்பதுதான் சங்கிலி விதி. பிள்ளை அதை எங்கே மறந்தாள்? 5எக்ஸை வகையிடாமலா அந்த 5 வந்தது? அடுக்கிலிருந்த 3-ஐ முன்னால் இறக்கியிருக்கிறாள், அடுக்கில் ஒன்றைக் குறைத்திருக்கிறாள், சைனைக் காஸ் ஆக்கியிருக்கிறாள். எல்லாம் தெரிந்திருக்கிறது. சறுக்கியது ஒரே இடம்: அடுக்கை இறக்கும்போது சைனைத் தொடக்கூடாது, அது அப்படியே நிற்கும், காஸ் தனியாக வந்து பெருகும். 15 சைன்² 5எக்ஸ் காஸ் 5எக்ஸ். அதை ஒரு வரி எழுதிக் காட்டக் கை வலிக்குமா?

“எது வெளியே, எது உள்ளே சித்தி?” என்றாள். கேட்கத்தானே செய்வாள்! மும்மடி ஆக்குவதுதான் கடைசி வேலை. எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கவேண்டிய 3-ஐச் சைனுக்கும் 5எக்ஸுக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறார்கள். (சைன் 5எக்ஸ்)³ என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன், மடமடவென்று போட்டுவிட்டாள். எக்ஸுக்கு 0 கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். புது விடையில் சாய்வு 0, பழையதில் 15. “அந்த இடத்தில் கோடு படுத்துத்தானே கிடக்கு!” என்று அவளே சொன்னாள். அந்தச் சிவப்பு மை இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

கணித மேதை கவுஸுக்கே இந்த எழுத்துமுறை பிடிக்கவில்லை. சைன்² என்றால் சைனுக்குச் சைன் என்றல்லவா பொருள் வரும் என்றார். 1813-இல் ஆங்கிலேய அறிஞர் ஜான் ஹெர்ஷல் சைன்⁻¹ என்பதை நேர்மாறுக்கு, அதாவது சைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் திரும்பக் காண்பதற்கு, வைத்தார். இரண்டும் நிலைத்துவிட்டன. அதே இடத்தில் 2 எழுதினால் அடுக்கு, −1 எழுதினால் நேர்மாறு. பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

சரி, 0.1 வைத்தும் பார்ப்போம் என்று கால்குலேட்டரை எடுத்தோம். 3.03 வரவேண்டிய இடத்தில் 0.001 வந்து நிற்கிறது. அவள் முகம் மறுபடி வாடிவிட்டது. பார்த்தால், கால்குலேட்டர் கோணத்தை டிகிரியில் எடுத்துக்கொண்டு கிடக்கிறது! இந்த விதியெல்லாம் ரேடியன் என்ற கோண அளவில்தானே செல்லும், அதை எந்தப் பாவி மாற்றி வைத்தது?