பூனைக்குச் சுகம், யானைக்குப் பழி

ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்காட்டு வரப்பில் களை பறித்துக்கொண்டிருந்தேன். பிடுங்கிப் போட்ட குப்பைமேனியை வீட்டுப் பூனை மோந்து பார்த்தது. இலையைத் தொடவில்லை, வேரைத்தான் கடித்தது. அப்புறம் கன்னத்தை அதில் தேய்த்து, எச்சில் வழிய மல்லாந்து புரண்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து உடம்பை உதறிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விட்டது. இந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்று பெயர் வைத்தவரும் இதே கூத்தைப் பார்த்திருப்பார்.

படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதிலுக்கு மாமா ஒருவர் 'தண்ணியடித்த யானை' என்று ஒரு வீடியோ அனுப்பினார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

பூனை கதை வேறுங்க. அது பசிக்காக வேரைத் தேடவில்லை. பூனைகள் இதேபோல் புரளும் ஒரு கொடியை ஜப்பானில் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். உடம்பில் சுகம் தரும் சுரப்பு கூடுகிறதாம். தேய்த்துக்கொண்ட சாறு கொசுவையும் அண்டவிடுவதில்லையாம். போதைக்குப் போதை, கொசுவுக்கு மருந்து!

யானைக்கு வருவோம். 2022 நவம்பரில் ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில், சாராயத்துக்காக இலுப்பைப்பூ ஊறப்போட்ட பானைகளுக்குப் பக்கத்தில் 24 யானைகள் தூங்கிக் கிடந்தன. குடித்துவிட்டுத் தூங்கின என்றார்கள் ஊர்க்காரர்கள். சும்மாவே படுத்திருக்கலாம் என்றது வனத்துறை. எது செய்தியானது என்று சொல்ல வேண்டுமா? ஆப்பிரிக்க யானை மருலா என்ற காட்டுப்பழம் தின்று போதையில் தள்ளாடும் என்பதும் பழைய கதை. அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தப் பழம் எம்மாத்திரம் என்று 2006இல் ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. சாராயத்தைச் செரிக்க உதவும் மரபணு ஒன்று யானையிடம் பழுதாகிக் கிடக்கிறது, அதனால் கொஞ்சத்திலேயே ஏறலாம் என்று 2020இல் இன்னொன்று வந்தது.

ஏறட்டும், ஏறாமல் போகட்டும். யானை எதற்கு வருகிறது? இலுப்பைப்பூ முழுக்கச் சர்க்கரை. நம் கோவை தொண்டாமுத்தூர்ப் பக்கம் இரவில் இறங்கும் யானை வாழையைத் தின்கிறது, அரிசியை உருவுகிறது, மாட்டுக்கு வைத்த தவிட்டையும் விடுவதில்லை. அதே கோவையில் தடாகம் என்ற ஊரின் செங்கல் சூளைகளில் எரிக்க அடுக்கிய பனைமரத்தைக்கூட உரித்து உள்சோற்றைத் தின்றது. அதில் என்ன போதை? குடிகாரப் பட்டம் கட்டிவிட்டால் நமக்கு ஒரு வசதி. அது நடக்கிற பாதையில் செங்கல்லுக்காகச் செம்மண்ணை ஆளுயரத்துக்கு மேல் தோண்டியது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, பனையேறியவர். 1987இல் கள்ளுக்குத் தடை வரும்வரை மரநாயோடு அவருக்குத் தினமும் சண்டை. மரத்தில் கட்டிய கள்ளு முட்டிக்குள் மூஞ்சியை விட்டுக் குடித்துவிட்டுப் போய்விடும். அதை அவர் வாய்க்கு வந்தபடி வைவார். ஆனால் குடிகார நாயே என்று ஒருநாளும் வைததில்லை. திருட்டு நாயே என்றுதான் வைவார்.