லயத்துக் கதவு வரை வராத ரெட் அலர்ட்

மூணாறு, தேவிகுளம், பீருமேடு பக்கம் லயங்களில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் நம் சனங்களுக்காகவும், அங்கே சொந்தபந்தம் உள்ளவர்களுக்காகவும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், படித்துவிடுங்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர் போனது. பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. சரிந்த சேதியே மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. இத்தனைக்குப் பிறகும் "வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாச்சு" என்பதை எச்சரிக்கை என்று ஏற்க என்னால் முடியவில்லை.

ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழை வரலாம் என்று பொருள். அது மாவட்டம் முழுமைக்கும் சொல்வது. எஸ்டேட்டில் உங்கள் டிவிஷனில் (உங்கள் பகுதியில்) எவ்வளவு பெய்தது என்று அதில் இருக்காது. அதை நாமே அளக்கலாம். பக்கம் நேராக உள்ள 2 லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக அதே பாட்டிலில் புனல் மாதிரி வையுங்கள். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றினால் அதுதான் பூஜ்யம். அங்கிருந்து ஸ்கேலில் 1 சென்டிமீட்டர் ஏறினால் 10 மில்லிமீட்டர் மழை. மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்கக் கூடாது. தினமும் காலை 8.30க்குக் குறித்துவிட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பெருமழை அன்று 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள், இல்லையென்றால் நிரம்பி வழிந்து கணக்கு தப்பும்.

ஒரே நாளில் 115 மில்லிமீட்டர் தாண்டி மழையும் விடாமல் அடித்தால், சரிவுக்குக் கீழே உள்ள லயம் இருட்டுவதற்குள் காலியாக வேண்டும் என்பது என் கருத்து. நாலைந்து நாள் நனைந்து ஊறிய மண்ணென்றால் 115 வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம். ஓடைத் தண்ணீர் திடீரென்று செம்மண்ணாகக் கலங்கினாலோ, மழை பெய்யும்போதே ஓடை வற்றினாலோ பாட்டிலைப் பார்க்காமல் கிளம்புங்கள். மேலே எங்கோ மண் அடைத்து நிற்கிறது.

அடுத்தது சத்தம். தகரக் கூரையில் பெருமழை கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மைக்கும் கோயில் மணியும் எம்மாத்திரம்? சங்கு ஊதினாலும் வேலைச் சங்கா ஆபத்துச் சங்கா என்று குழம்பக் கூடாது. ஆபத்துக்கென்று தனியாக ஒரு சத்தம் வேண்டும், அதை வேறெதற்கும் தொடக் கூடாது. கரண்ட் கேட்காத கைச்சைரன் நல்லது. ஆனால் தூங்குபவரை எழுப்புவது கதவில் விழும் தடியடிதான். ஆகவே லயத்துக்கு இருவர், ஒருவர் ஊருக்குப் போயிருந்தால் இன்னொருவர். கையில் டார்ச், தடி, வீட்டுவாரிப் பெயர்ப்பட்டியல். படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, காது கேளாதவர் உள்ள வீடுகளைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். ஆள் வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே டிக் அடிக்க வேண்டும். உள்ளேயிருந்து "வர்றேன்" என்ற குரல் கேட்டால் போதாது.

சேதியில் தேதியும் நேரமும் இல்லாவிட்டால் போன வருஷத்து ஆடியோ இந்த வருஷமும் சுற்றும். இப்படி இருக்கட்டும்: "ஜூலை 30, மாலை 4 மணி. மேல் டிவிஷன் 3, 4ஆம் லயம். ஓடை கலங்கி வருகிறது. 5 மணிக்குள் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். ஓடைப் பாலம் வழியாக வராதீர்கள். நாளைக் காலை 8 மணிக்கு அடுத்த சேதி." கடைசி வரியை விட்டுவிட்டால் ராத்திரியே ஆளாளுக்கு ஆடு மாட்டைப் பார்க்கத் திரும்பிப் போவார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியிலும் குரல் அழைப்பிலும் தமிழில் சொல்கிறார்கள், சிவப்பு விளக்கும் எரிய விடுகிறார்கள். எந்த எஸ்டேட் பக்கம் என்று பெயரோடு வருவதால் சனம் அதை மதிக்கிறது. கேரளப் பக்கம் லயத்துப் பாட்டிக்கு மலையாள எழுத்தில் சேதி வந்தால் யார் படித்துச் சொல்வது? கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. மழைக்கு முன்பே தாலுகா ஆபீசுக்குத் தமிழில் மனு கொடுங்கள், எச்சரிக்கை தமிழிலும் வேண்டும் என்று. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அதை ஃபோனில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதி வையுங்கள்.