மெரினா லைட்ஹவுஸ் 200 வருஷம் பழசா?

ஒருத்தர் தன்னோட பதிவுல மெரினா லைட்ஹவுஸ் வெள்ளைக்காரன் கட்டுனது, 200 வருஷம் ஆச்சு, இன்னும் அசையாம நிக்குதுன்னு போட்ருக்காரு, அதுக்கு இத்தனை லைக் வேற. அது தப்புங்க. இப்ப நாம டிக்கெட் வாங்கி மேல ஏறிப் பாக்குற அந்த சிவப்பு வெள்ளை கட்டடத்துல விளக்கு எரிய ஆரம்பிச்சது 1977 ஜனவரிலதான், சுதந்திரம் வாங்கி 30 வருஷம் கழிச்சு, முழுக்க கான்கிரீட்.

பழசுன்னு சொல்லணும்னா மெட்ராஸோட முதல் விளக்கு 1796ல ஜார்ஜ் கோட்டைக்குள்ள ஒரு கட்டடத்து மேல வச்சது, தேங்காய் எண்ணெய்ல எரிஞ்சது, அந்தக் கட்டடம்தான் இப்ப கோட்டை மியூசியம். அடுத்தது 1844ல இருந்து, இப்ப ஹைகோர்ட் இருக்குற வளாகத்துல உயரமா ஒரு கல்தூண், அது இன்னும் அங்கயேதான் நிக்குது, பாரிமுனை பக்கம் தினம் போறவங்களே பாதிப்பேர் கவனிச்சிருக்க மாட்டாங்க, எனக்கு அதான் ரொம்ப வருத்தம். மூணாவது 1894ல ஹைகோர்ட் கோபுரத்து உச்சியிலயே வச்சாங்க, 1914ல முதல் உலகப்போர்ல எம்டன்ங்குற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டப்போ ஊருக்கு இருந்தது அந்த விளக்குதான். மெரினாவுல இருக்குறது நாலாவது.

ரொம்ப வருஷம் பாதுகாப்பு காரணம் சொல்லி பொதுமக்களை உள்ள விடாம வச்சிருந்து 2013லதான் திரும்பத் திறந்தாங்க. லிஃப்ட் இருக்கு, வயசானவங்களையும் கூட்டிட்டுப் போகலாம். அந்தப் பதிவை தயவுசெஞ்சு திருத்திடுங்க, பசங்க இதைப் பாத்து ஸ்கூல் ப்ராஜெக்ட்ல எழுதிட்டுப் போயிடுவாங்க.