மறுக்கத் தெரிந்த குரங்கு

நண்பர் ஒருவர் பகிர்ந்திருந்த காணொளியில், கூண்டுக்குள் இருக்கும் குரங்கு ஒன்று நின்ற இடத்திலேயே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன்: 40 நொடிகளில் 17 முறை. பார்த்தவர்களில் பெரும்பாலோர் சிரித்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குட்டிக்கரணத்தை விளையாட்டாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் ஒரே அசைவை எந்தப் பயனும் இல்லாமல் மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வதை, தன் மயிரைத் தானே பிடுங்குவது, தன் கையைத் தானே கடிப்பது ஆகியவற்றோடு சேர்த்து, அடைபட்ட வாழ்வின் தழும்பாகவே விலங்கு நடத்தையை ஆராய்பவர்கள் கருதுகிறார்கள். தழும்பு என்பதை யோசித்தே சொல்கிறேன். நல்ல இடத்துக்கு மாற்றிய பிறகும் இந்தப் பழக்கம் சில விலங்குகளிடம் நீடிப்பதுண்டு என்பதால், அந்தக் காணொளியில் தெரிந்த கூண்டுதான் குற்றவாளி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தழும்பு எப்படி உண்டாகிறது என்பதை நாம் தெரிந்துகொண்ட வழியும் கொடுமையானதுதான். 1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஹாரி ஹார்லோ, ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்தும் பிற குரங்குகளிடமிருந்தும் பிரித்துத் தனிமையில் வளர்த்தார். அவை தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஆடின, கடித்துக்கொண்டன, வேறு குரங்கைக் கண்டால் ஒடுங்கின. அந்தச் சோதனைகளை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 1970களின் தொடக்கத்தில் அதே ஆய்வுக்குழு கண்டறிந்த இன்னொன்றை ஒதுக்கவும் முடியவில்லை. ஆறு மாதம் தனிமையில் கிடந்த குட்டிகளோடு மூன்று மாத வயதே ஆன குட்டிகளை விட்டபோது, சின்னவை சண்டைக்கு வராமல் அருகில் போய் ஒட்டிக்கொண்டன. நாள்கள் போகப்போக மூத்தவையும் விளையாடத் தொடங்கின. எந்தப் பொம்மையும் செய்திருக்க முடியாத வேலையை இன்னொரு குரங்கு செய்தது. இதை அறிந்த பிறகும், சண்டை வரும், காயம் படும் என்று காரணம் சொல்லிக் குரங்குகளைத் தனித்தனியே அடைப்பவர்கள் இருக்கிறார்கள். சண்டை வருவது உண்மைதான். அதற்காகத்தான் முதலில் கம்பிவலை வழியாகப் பார்க்க விட்டு, இரண்டு இடங்களில் உணவு வைத்து, ஒன்றன் பார்வையிலிருந்து மற்றொன்று ஒளிந்துகொள்ளத் தடுப்புகள் அமைத்து, பொறுமையாகச் சேர்க்கும் முறைகள் இருக்கின்றன.

கூண்டின் அளவைச் சொல்லும்போது தரைப்பரப்பைத்தான் பெருமையாகச் சொல்கிறோம். ஆபத்து என்றால் பெரும்பாலான குரங்குகள் மேல்நோக்கித்தான் ஓடும். மனிதனின் தலைக்கு மேல் உட்கார ஓர் இடம் கிடைத்தால்தான் அவற்றுக்கு நிம்மதி. ஆய்வகங்களில் இரண்டு அடுக்காக அடுக்கிய கூண்டுகளில் கீழடுக்கில் வாழும் குரங்கு, வெளிச்சமும் குறைந்து, தன்னைக் குனிந்து பார்க்கும் முகங்களையே நாள் முழுக்கச் சந்திக்கிறது. ஜப்பானின் இனுயாமாவில் உள்ள ஆய்வு நிலையத்தில் சிம்பன்சிகளுக்காக 15 மீட்டர் உயரக் கோபுரங்களை எழுப்பினார்கள். அவை இரும்பும் கயிறும்தான், காடு போல் தோற்றம் தருபவை அல்ல. அழகான செயற்கைப் பாறையைவிட அசிங்கமான கோபுரம் மேல் என்பது என் கருத்து. பாறை பார்வையாளருக்காகக் கட்டப்படுவது.

வாசனையும் அப்படித்தான். மார்மோசெட் போன்ற சிறு குரங்குகள் தம் வாசனையைப் பூசி இடத்தைத் தமதாக்கிக்கொள்கின்றன. நாம் சுத்தம் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவிவிட்டால், அவற்றைப் பொறுத்தவரை அது முன்பின் தெரியாத வீடு. பாதியை இன்றும் மீதியை இன்னொரு நாளும் கழுவினால் போதும்; கூடுதல் செலவே இல்லாத மாற்றம் இது.

அடைபட்ட விலங்குக்குச் செய்யவும் தேடவும் ஏதாவது கொடுப்பதைச் சூழலைச் செறிவூட்டுவது என்பார்கள். அந்தப் பெயரில் நடப்பவற்றில் பாதி, கூண்டுக்குள் ஒரு பந்தை வீசுவதோடு முடிந்துவிடுகிறது. சில நாள்களிலேயே பந்து மூலையில் கிடக்கும். காட்டில் ஒரு குரங்கு பகலின் பெரும்பகுதியை உணவு தேடுவதிலும் உரிப்பதிலும் உடைப்பதிலும் செலவிடுகிறது. நாம் அதைக் கிண்ணத்தில் நறுக்கிக் கொடுத்துப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். மிச்ச நேரத்தை அது என்னதான் செய்யும்? குட்டிக்கரணம் போடும். மரத்தைக் கடித்துப் பிசின் உண்ணும் மார்மோசெட்டுக்குத் துளையிட்ட கட்டையில் பிசினை நிரப்பிக் கொடுக்கலாம். புற்றில் குச்சி விட்டுக் கரையான் பிடிக்கும் சிம்பன்சிக்குச் செயற்கைப் புற்று செய்து வைக்கலாம். இனத்தை அறிந்து செய்தால்தான் பயன். வாழைப்பழமும் குரங்கும் பிரிக்க முடியாதவை என்று நினைக்கும் நமக்கு, 2014இல் இங்கிலாந்தின் பெயிண்டன் உயிரியல் பூங்கா தன் குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்தியது வேடிக்கையாகத் தோன்றலாம். மனிதருக்காகப் பயிரிடப்படும் பழத்தில் சர்க்கரை மிகுதி. அது பல்லையும் கெடுக்கும், நீரிழிவுக்கும் இட்டுச் செல்லக்கூடும் என்பதே காரணம்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். குரங்கினங்களின் மன நலத்துக்கு ஏற்ற சூழல் வேண்டும் என்று 1985லேயே அமெரிக்கா தன் விலங்கு நலச் சட்டத்தைத் திருத்தியது. நல்ல திருத்தம்தான். ஆனால் திட்டத்தை எழுதி வைக்கும் பொறுப்பு அந்தந்த நிறுவனத்திடமே விடப்பட்டது. எழுதிய திட்டம் கோப்பில் இருப்பதும் கூண்டில் இருப்பதும் ஒன்றல்ல.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பயிற்சி. பயிற்சி என்றதும் சர்க்கஸும் சாட்டையும் நினைவுக்கு வருவதால் பலர் இதை வெறுக்கிறார்கள். நான் சொல்வது வேறு. குரங்கிடமிருந்து இரத்தம் எடுக்கப் பழைய வழி, கூண்டின் பின்சுவரை முன்னே இழுத்து அதை நசுங்காத குறையாக நெருக்கிப் பிடிப்பது. புதிய வழியில், கம்பிக்கு வெளியே நீட்டிய குச்சியைத் தொட்டால் ஒரு திராட்சை. கையை நீட்டினால் ஒன்று. நீட்டிய கையை அசைக்காமல் வைத்தால் ஒன்று. ஊசியில்லாத சிரிஞ்சு தோலில் பட்டதைப் பொறுத்துக்கொண்டால் ஒன்று. வாரக்கணக்கில் இப்படிப் போன பிறகு, ஒரு நாள் உண்மையான ஊசி. இந்த முறையில் பழகிய குரங்குகள் மருத்துவச் சோதனையின்போது குறைவாகவே பதறுகின்றன. கொரில்லாக்கள் விழித்த நிலையிலேயே மார்பைக் கம்பியோடு ஒட்டி வைத்து இதயத்தை ஸ்கேன் எடுக்க அனுமதிக்கின்றன. அடைப்பில் வளரும் கொரில்லாக்களின் சாவுக்கு இதய நோய் முக்கியக் காரணமாக இருப்பதால், மயக்க மருந்து இல்லாத அந்த ஸ்கேன் சிறிய காரியமல்ல.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. குரங்கு கையை நீட்ட மறுத்தால் திராட்சை கிடைக்காது, அவ்வளவுதான். அன்றைய சாப்பாடு குறையக் கூடாது. பட்டினி போட்டுப் பழக்கிய குரங்கும் கையை நீட்டும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வாஷிங்டனின் தேசிய உயிரியல் பூங்காவில் 1995 முதல், பார்வையாளர்களின் தலைக்கு மேலே உயரமான கோபுரங்களுக்கிடையே கட்டிய கம்பிவடத்தில் ஒராங்குட்டான்கள் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குப் போய் வருகின்றன. போவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அவைதான். கீழே கழுத்து வலிக்கக் காத்திருந்தவர்கள் ஏமாந்து திரும்பும் நாள்களும் அந்த ஏற்பாட்டின் பகுதிதான்.

ஆகவே குரங்குகளை வைத்திருக்கும் எந்த இடத்தைப் பற்றியும் கூண்டின் நீள அகலத்துக்கு முன்பு நான் கேட்க விரும்புவது பயிற்சிப் பதிவேட்டை. அதில் ‘இன்று வர மறுத்தது, விட்டுவிட்டோம்’ என்ற வரி ஆங்காங்கே இருக்க வேண்டும். ஓர் ஆண்டு முழுவதும் ஒரு குரங்குகூட மறுக்கவில்லை என்று பதிவேடு சொன்னால், அதன் உணவு அளவை எழுதிய பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பேன்.