ஆரில பிழை?

ஒரு காதல் முடிஞ்சுபோச்சு எண்டு சொன்னால் கொழும்பில எங்கட சனம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டியா, நித்திரை கொண்டியா எல்லாம் பிறகு. அம்மா கேட்டா. கொட்டாஞ்சேனையில பக்கத்து வீட்டு அன்ரி கேட்டா. தலைமயிர் வெட்டப் போன இடத்தில அந்த அக்காவும் கேட்டா.

ஒருத்தரிலயும் பிழையில்லை எண்டால் நம்புகினமில்லை. நான் என்னத்தையோ மறைக்கிறனாம்.

எனக்கும் அவருக்கும் எழுத்து, அதுதான் சட்டப்படி கலியாணப் பதிவு, முடிஞ்சிருந்தது. அவருக்கு வெளிநாட்டு அலுவல் சரிவரும் போல இருந்ததால எழுத்தை முதல் வைப்பம், தாலிகட்டு தையில எண்டு பெரியாக்கள் முடிவெடுத்தினம். (எழுத்து எண்டால் ஏதோ அட்வான்ஸ் கட்டுற மாதிரித்தான் எங்கட ஆக்களுக்கு. அதைப் பற்றித் தனியா ஒரு பதிவு எழுதோணும்.) தை வர முதலே எங்களுக்குள்ள கதைக்க ஒண்டும் மிச்சமில்லாமல் போச்சு. சண்டை இல்லை, மூன்றாவது ஆளும் இல்லை. ஃபோன் அடிச்சால் ரெண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைச்சுப்போட்டு வைப்பம்.

சரி, ஊர்தான் அப்பிடி எண்டு நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்குப் போனால் லோயரும் அதையேதான் கேட்டா. ஆரில பிழை?

எங்களுக்குரிய விவாகப் பதிவுச் சட்டம் 1907ஆம் ஆண்டையது. விவாகரத்துக்கு அதில மூன்றே காரணம்: பிறரோட தகாத உறவு, வன்மத்தோட கைவிட்டுப் போதல், கலியாண நேரத்திலயே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியிறது எண்ட ஒண்டு அதில கிடையாது. இதே நாட்டில 1952ஆம் ஆண்டுக் கண்டிய விவாகச் சட்டத்தில கலியாணம் முடிக்கிற கண்டிச் சிங்கள ஆக்கள் பரஸ்பர சம்மதத்தோட, நீதிமன்றம் ஏறாமல் மாவட்டப் பதிவாளரிட்டயே பிரியலாம். எனக்கு அதைக் கேட்க எரிச்சல்தான் வந்தது.

காலிமுகத்திடலில, சோடிகள் குடைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற அந்தக் கரையில, இறால் வடையும் கையுமா இருந்துதான் குற்றவாளி ஆரெண்டு தீர்மானிச்சனாங்கள். முதலாவதும் மூன்றாவதும் சரிவராது. மிஞ்சினது வன்மம்.

"என்ர பேரில போடும். உமக்குத்தான் வீட்டில கரைச்சல் வரும்."

"உமக்கு வராதே?"

"ஆம்பிளையை ஆர் கேட்கப் போகினம்?"

அது உண்மை. அந்த உண்மையிலதான் எனக்கு அழுகை வந்தது, பிரிஞ்சதில இல்லை. பிறகு என்னை பஸ் ஏத்திவிட்டு, வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடச் சொன்னார்.

இப்பிடிக் கதைச்சு வைச்சது நீதிமன்றத்துக்குத் தெரிஞ்சால் வழக்கே நிக்காதாம். முதல் தீர்ப்பு வந்து, பிறகு மூன்று மாதமும் கழிஞ்சு எல்லாம் முற்றாகிட்டுது. அதுதான் இப்ப எழுதுறன்.

வழக்குக் கடதாசியைப் பார்த்த பிறகு அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. கேட்கிற ஆக்களுக்கு அவவே பதில் சொல்லுறா: "அவன்தான் பிள்ளையை விட்டிட்டுப் போனவன்."